வாழை நின்ற சுவர்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். வாங்கிப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. பிறர் கட்டி, பிறர் வாழ்ந்து, பிறர் விற்றுச் சென்ற ஒரு வீட்டுக்குள் நடுவயது கடந்து குடியேறுகிறவர்களின் அனுபவம் அந்தப் பழமொழிக்குள் அடங்குவதில்லை. கட்டியவனுக்குத் தன் வீட்டின் குறை தெரியும். வாங்கியவனுக்கு அது மாதம் மாதமாகத்தான் தெரிய வருகிறது. சென்ற ஓராண்டாக நம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றை முன்வைத்து இதை எழுதுகிறோம். இதில் நம் தவறு ஒன்றும் உண்டு என்பதால் எழுத வேண்டியது கடமையாகவும் படுகிறது.

சென்ற ஆண்டு வைகாசியில் நம் தங்கையும் மாப்பிள்ளையும் ஜேடர்பாளையத்தில் ஒரு வீட்டை வாங்கினார்கள். மாப்பிள்ளை 35 ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய ஓய்வுக்காலப் பணமும், தங்கையின் கழுத்தில் கிடந்த சங்கிலியும், வங்கியில் பெற்ற கடனும் சேர்ந்துதான் அந்த வீடு. வாடகை வீடுகளிலேயே பிள்ளைகளை வளர்த்து முடித்த தங்கைக்கு, 'இந்தச் சுவரில் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை' என்பதே பெரும் நிறைவாக இருந்தது.

வீட்டைத் தேர்ந்ததில் நமக்கும் பங்கு உண்டு. திங்கட்கிழமை பங்கில் அதிக வேலை இல்லாத நாள். அப்படியொரு திங்களன்று அவர்களோடு நாமும் வீடு பார்க்கச் சென்றோம். படுகை அணையிலிருந்து நடக்கும் தூரம், அருகில் ராஜவாய்க்கால், சுற்றிலும் கரும்பும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும். காற்றில் வெல்லம் காய்ச்சும் மணம். வீட்டின் வடபுறம், படுக்கையறைச் சுவரை ஒட்டி, ஒரு வாழைக் கூட்டம் தழைத்து நின்றது. குளியலறை நீர் அங்கே பாய்ந்து கொண்டிருந்தது. ஒரு மரம் குலை தள்ளியிருந்தது. "சுவரோடு சுவராக வாழை நிற்கிறது, வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?" என்று தங்கையிடம் சொன்னவர்கள் நாமே. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, 'வாங்கிவிடுங்கள்' என்று மாப்பிள்ளையிடம் சொன்னவர்களும் நாமே.

பத்திரப் பதிவு முடிந்ததும் வீட்டை மந்திரிக்க நம்மையே அழைத்தார்கள். 1984-இல் உரோமையில் வெளியான திரு அவையின் ஆசியுரை நூலில் புதிய இல்லத்துக்கென்று தனிச் சடங்கு உண்டு. அங்கே ஆசி பெறுவது சுவர்களை விட அவற்றுக்குள் வாழப்போகும் மக்களே. தீர்த்தச் செம்போடு அறை அறையாகச் சென்றோம். படுக்கையறைக்கு வந்தபோது ஒன்று நம் கண்ணில் பட்டது. அறை முழுவதும் பழைய மஞ்சள் நிறம். வடக்குச் சுவரில் மட்டும், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குப் புதுச் சாயம். சாயத்தின் வாடை இன்னும் போகவில்லை. ஒரு சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் ஏன் சாயம் அடித்திருக்கிறார்கள் என்ற கேள்வி நம் மனத்தில் எழுந்தது. எழுந்த கேள்வியை அங்கேயே விட்டுவிட்டுத் தீர்த்தத்தைத் தெளித்து அடுத்த அறைக்குச் சென்றோம். உறவினர்கள் கூடியிருந்தார்கள். சமையல் ஆகிக் கொண்டிருந்தது. பணமும் கைமாறியாயிற்று. இப்போது கேட்டு என்ன ஆகப் போகிறது என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக் கொண்டோம்.

முதல் இரண்டு மாதங்கள் சிறு வேலைகளிலேயே கழிந்தன. பட்டா மாறுதல், மின் இணைப்பில் பெயர் மாற்றம், வீட்டு வரி ரசீது என்று மாப்பிள்ளை ஒவ்வோர் அலுவலகமாக நடந்தார். பழைய மின்கம்பிகளைப் பரிசோதித்து, எர்த் கம்பி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். சமையலறைக் கதவின் நிலையில் கரையான் மண்கோடு இழுத்திருந்தது. அதைச் சுரண்டிவிட்டு மறுநாள் பார்க்கும்படி அண்டை வீட்டுப் பெரியவர் சொல்லிக் கொடுத்தார். மீண்டும் மண் கட்டியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று பொருளாம். கட்டியிருந்தது. மருந்து வைத்தார்கள்.

மொட்டைமாடியில் வேறொரு தொல்லை. ஊரைச் சுற்றி வெல்ல ஆலைகள். கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்ச, உலர்த்திய கரும்புச் சக்கையையே அடுப்புக்கு எரிக்கிறார்கள். காற்று திரும்பும் நாட்களில் அந்தச் சாம்பல் மென்மையாக வந்து மாடியில் படிகிறது. அதோடு வேப்பஞ்சருகும் சேர்ந்து தண்ணீர் இறங்கும் தூம்பை அடைத்துக் கொண்டது. ஆடியில் ஒரு மழைக்கே மாடியில் கணுக்கால் அளவு நீர் தேங்கியது. மாடியின் கைப்பிடிச் சுவரும் முழங்கால் உயரமே இருந்தது. புதிய வீட்டின் மேல்தளத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும், இல்லையேல் விழுபவனின் இரத்தப்பழி வீட்டின் மேல் வரும் என்று இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம் எச்சரிப்பது நினைவுக்கு வந்தது. பேரக் குழந்தை வந்து போகும் வீடு. கைப்பிடிச் சுவரை உயர்த்தச் சொன்னோம். உடனே செய்தார்கள். இப்படியாக எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எண்ணியிருந்தோம்.

ஐப்பசியில் ஒரு திங்களன்று முன்னறிவிப்பின்றிச் சென்றோம். முற்பகல் பதினொரு மணி. முன்கூடத்தில் பாயும் தலையணையும் சுருட்டாமல் கிடந்தன. படுக்கையறை இருக்க, கூடத்தில் ஏன் படுக்கை என்று கேட்டோம். "இங்க காத்து நல்லா வருதுங்கண்ணா" என்றாள் தங்கை. சொல்லும்போதே அவளுக்கு இளைத்தது. சிறு வயதில் அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. மணமான பிறகு அது அடங்கிப் போயிருந்தது. நாம் படுக்கையறைக் கதவைத் திறந்தோம். மழைக்காலத்துச் சாக்கு மூட்டையைப் பிரித்தாற்போன்ற ஒரு வாடை. வடக்குச் சுவரில் அந்தப் புதுச் சாயம் பொரிந்து தோலாக உரிந்து தொங்கியது. கீழே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்னால் கருமையும் பச்சையுமாகப் பூசணம் படர்ந்திருந்தது.

"எத்தனை நாளாக?" என்று கேட்டோம்.

"ஆவணியிலிருந்தே இருக்குதுங்கண்ணா. நீங்க புடிச்சுக் குடுத்த வீடு. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லலை" என்றாள்.

மாப்பிள்ளை தலை குனிந்து நின்றார். இரண்டு முறை தாமே சாயம் வாங்கி அடித்துப் பார்த்தாராம். நாம் வரும் திங்கட்கிழமைகளில் அந்த அறையைப் பூட்டி வைத்ததையும் பிறகு சொன்னார்கள். நம்மைக் காப்பாற்றுவதற்காக நம் தங்கை மூச்சுத் திணறியபடி மூன்று மாதங்கள் கூடத்தில் படுத்திருக்கிறாள்!

அன்று பங்கில்லத்துக்குத் திரும்பியதும் லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரத்தை எடுத்தோம். குருமடத்தில் படித்தபோது அந்தப் பகுதி எங்களுக்குச் சற்று வேடிக்கையாகவே இருந்தது. வீட்டுச் சுவரில் நோய் போன்று ஏதோ தோன்றினால், வீட்டுக்காரன் குருவிடம் வந்து சொல்ல வேண்டும். குரு வருமுன் வீட்டிலுள்ள பொருள்களையெல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். பச்சையாகவோ சிவப்பாகவோ சுவரில் குழிவு தெரிந்தால், குரு வீட்டை ஏழு நாள் அடைத்து வைத்து, ஏழாம் நாள் மீண்டும் வந்து பார்ப்பார். படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, பூச்சைச் சுரண்டி, ஊருக்கு வெளியே கொட்டி, புதுக் கல்லும் புதுச் சாந்தும் வைக்கச் சொல்வார். அதன் பின்னும் திரும்பி வந்தால் வீட்டை இடிக்க வேண்டும். வராவிட்டால் தூய்மை பெற்றது என்று அறிவிப்பார்.

எத்தனையோ முறை கடந்து சென்ற அந்தப் பகுதி அன்றிரவு நம்மை நிறுத்தி வைத்தது. அந்தக் குருவின் முதல் வேலை பார்ப்பது. தெளிப்பதும் அறிவிப்பதும் பிறகுதான். நாமோ பார்த்தோம், பார்த்ததைச் சொல்லாமல் தெளித்துவிட்டு நகர்ந்தோம். அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பதிவு மாறியிராது. ஆயினும் அந்தச் சுவரை ஒட்டித் தங்கையின் கட்டில் போடப்பட்டிராது.

அடுத்த வாரம் வேலையறிந்த ஒரு முதிய கொத்தனாரை அழைத்துச் சென்றோம். அவர் சுவரை அதிகம் பார்க்கவில்லை. நேரே வெளியே சென்று வாழையடியில் குனிந்தார். மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தினார். மண் சேறாக வந்தது. பூமட்டத்துக்கு மேலே இருக்க வேண்டிய கடைக்கால் விளிம்பு, ஆண்டாண்டாக வாழைக்குக் கொட்டிய மண்ணில் முக்கால் அடி புதைந்து கிடந்தது. மாடித் தூம்பின் நீரும் அங்கேதான் விழுந்தது. குளியல் நீரும் அங்கேதான் பாய்ந்தது.

"சாமி, செவுரு என்ன பண்ணும்? நீங்க ஊத்துறீங்க, அது குடிக்குது" என்றார்.

அவர் விளக்கியதை நாம் புரிந்து கொண்ட அளவில் சொல்கிறோம். செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அடிமண்ணின் ஈரம் அவற்றின் வழியே மேலேறும். புது வீடுகளில் கடைக்காலுக்கு மேல் ஈரம் ஏறாதிருக்க ஓர் அடுக்கு போடுகிறார்கள். இந்தப் பழைய வீட்டில் அது இல்லை. ஏறும் நீர் மண்ணிலுள்ள உப்பையும் கரைத்துக் கொண்டே ஏறுகிறது. சுவரின் மேற்பரப்புக்கு வந்து நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அந்த உப்புதான் பூச்சை உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. ஈரம் தெரிகிறதே என்று மேலே சாயமோ சிமெண்டுப் பூச்சோ அடித்தால், வெளியேற வழியில்லாத நீர் இன்னும் உயரத்துக்கு ஏறும். மாப்பிள்ளை இரண்டு முறை சாயம் அடித்ததில் ஈரம் இரண்டடியிலிருந்து மூன்றடியானது இப்படித்தான். வைகாசியில் நாம் பார்த்தபோது கோடைக் காய்ச்சலில் மண் காய்ந்திருந்தது; வாய்க்காலிலும் நீர் நிறுத்தியிருந்தார்கள். வாய்க்கால் நிறைந்து, மழையும் சேர்ந்தபோது நிலத்தடி ஈரம் உயர்ந்துவிட்டது. கோடையில் எந்த வீடும் நல்ல வீடுதான்!

முன்பு அந்த வீட்டிலிருந்த பெரியவரைச் சந்திக்க நேர்ந்தது. நம் மனத்தில் கோபம் இருந்ததை மறைப்பதற்கில்லை. மகனோடு இருப்பதற்காக வீட்டை விற்றவர் அவர். குறையை மறைத்து விற்றீர்களா என்று நேராகவே கேட்டோம். அவர் திகைத்துப் போனார். "வருசா வருசம் சித்திரையில அந்தச் செவுத்துக்கு ஒரு கை அடிச்சுருவேனுங்க சாமி. இந்த வருசமும் அடிச்சேன். எங்க காலத்துல அதுதானுங்க பராமரிப்பு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த அறையில் அவரும் அவர் மனைவியும் படுத்ததே இல்லையாம். நெல் மூட்டை போட்டு வைத்திருந்தார்களாம். ஆண்டுக்கு ஒரு முறை சாயம் அடிப்பதைத் தம் வீட்டுக்குச் செய்யும் கடமையென்றே அவர் நம்பியிருந்தார்.

நம் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. ஏனெனில் அவரிடத்தில் நாம் நம்மையே கண்டோம். தவக்காலத்தில் ஒப்புரவுத் தொட்டியில் மண்டியிடும்போது, சென்ற ஆண்டு சொன்ன அதே பாவத்தை அதே சொற்களில் சொல்லி, ஒரு கை சாயம் அடித்துக் கொண்டு எழுந்துவிடுகிறோம். குருவாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. வேரில் எங்கே நீர் பாய்கிறது என்று வெளியே சென்று குனிந்து பார்ப்பதில்லை. சில வேளைகளில் அந்த நீர், நாம் மிகவும் விரும்பி வளர்க்கும் ஒன்றுக்குப் பாய்கிற நீராக இருக்கிறது. ஆகவேதான் பார்க்க மனம் வருவதில்லை.

வாழையை எடுக்க வேண்டும் என்றபோது தங்கை ஒன்றும் பேசவில்லை. குலை முற்றியிருந்த மரத்தை வெட்டி, காயை அண்டை வீடுகளுக்குக் கொடுத்தாள். பக்கக்கன்றுகள் நான்கைப் பெயர்த்து, வீட்டிலிருந்து பதினைந்தடி தள்ளிக் கொல்லை மூலையில் நட்டாள். பிறகு சுவரை ஒட்டிய மண்ணை வாரிக் கடைக்கால் விளிம்பு வெளியே தெரியும்படி தாழ்த்தினார்கள். மாடித் தூம்புக்குக் குழாய் இணைத்து, குளியல் நீரோடு சேர்த்து, நல்ல வாட்டத்தில் கொல்லை மூலைக்குக் கொண்டு சென்றார்கள். அறைக்குள் ஈரக்கோட்டுக்கு மேல் ஓரடி வரை பூச்சை முழுவதும் கொத்தி எடுத்தார்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்து உதிர்த்து வாரிக் கொண்டு போய்க் கொட்டினார்கள். கழுவினால் அது மீண்டும் கல்லுக்குள் போய்விடுமாம். கார்த்திகையும் மார்கழியும் அறை திறந்தே கிடந்தது. தை பிறந்து செங்கல் உலர்ந்த பிறகுதான் சிமெண்டு சேர்க்காத சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். சுண்ணாம்பு ஈரத்தை அடைத்து வைக்காது; மூச்சு விடும். லேவியர் நூல் சொன்ன வரிசைக்கும் கொத்தனார் செய்த வரிசைக்கும் அதிக வேறுபாடு இல்லை என்பதைக் கண்டு வியந்தோம்.

வேலை நடந்த திங்கட்கிழமைகளில் மாலையில் வாய்க்கால் கரையில் நடப்பது வழக்கமாயிற்று. 17-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் காவிரிக்குக் குறுக்கே அணை எழுப்பி இந்த ராஜவாய்க்காலை வெட்டியதாக ஊரார் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். ஜேடர்பாளையத்தில் அவருக்கு நினைவிடமும் உண்டு. இதிலிருந்து பிரியும் கொமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும் சேர்ந்து பரமத்தி வேலூர் வரையிலும் அதற்கப்பாலும் வயல்களை நனைக்கின்றன. வெட்டியவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் வெட்டியதோடு வாய்க்கால் நிலைத்துவிடவில்லை. ஆண்டுதோறும் வண்டல் படிகிறது, கோரை முளைக்கிறது, கரை சரிகிறது. யாரோ இறங்கித் தூர் வாரியிருக்கிறார்கள். நீர் பெறும் குடிகளே கூடி ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிடும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அந்த வழக்கம் குன்றத் தொடங்கியபோது, சென்னை மாகாணத்துக்கென 1858-இல் இயற்றப்பட்ட சட்டம் அதைக் கட்டாயமாக்க முயன்றது. சட்டம் வேண்டியிருந்தது என்பதே, மராமத்து எவ்வளவு எளிதில் மறக்கப்படுகிறது என்பதற்குச் சான்று. கட்டுவதற்கு ஒரு நாயக்கர் போதும். காப்பதற்கு ஒவ்வொரு தலைமுறையும் சேற்றில் இறங்க வேண்டும். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

மாசியில் தங்கையின் கட்டில் மீண்டும் அந்த அறைக்குச் சென்றது, தெற்குச் சுவரோரமாக. அவளுக்கு இளைப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டோம். வாய்க்காலில் நீர் நிறைந்து ஓடும் நாட்களில் வடக்குச் சுவரின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு இன்றும் நிறம் மாறுகிறது. கொத்தனாரிடம் இதைக் கேட்டோம். "முழுசாப் போவாதுங்க சாமி. ஏறாமப் பாத்துக்கலாம்" என்றார்.

இறையியல் வகுப்புகளில் மனித பலவீனத்தைக் குறித்தும் அருளைக் குறித்தும் நாம் கேட்டவை ஏராளம். அந்தக் கொத்தனார் சொன்ன சொல் அவற்றுக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. முழுதும் போகாத ஈரத்தோடுதான் வீட்டிலும் உறவிலும் உள்ளத்திலும் வாழ வேண்டியிருக்கிறது. அதை ஒளித்து வைத்தால் ஏறுகிறது. அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தால் ஏறாமல் நிற்கிறது. நம் மனம் நோகக் கூடாதென்று மறைத்த தங்கையிடம், அன்று சாயத்தைப் பார்த்தும் பேசாதிருந்ததை நாம் சொன்னோம். அவள் சற்று நேரம் நம்மைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணைத்தானுங்கண்ணா பண்ணியிருக்கோம்" என்று சொல்லிச் சிரித்தாள். அன்று முதல் அந்த வீட்டில் நமக்குப் பூட்டிய அறை இல்லை.

இப்போது புது வீடு மந்திரிக்க அழைக்கிறவர்களிடம் நாம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். புகுமனை நாளன்று வருகிறோம், மகிழ்ச்சியோடு செபிக்கிறோம். ஆனால் ஆறு மாதம் கழித்து, ஒரு மழைக்காலம் கடந்த பிறகு, பந்தலும் விருந்தும் இல்லாத ஒரு சாதாரண நாளில் இன்னொரு முறை அழையுங்கள். வீட்டையும் பார்ப்போம், வீட்டில் இருப்பவர்களையும் பார்ப்போம். எந்த அறையையும் பூட்டி வைக்காதீர்கள்.

அந்தப் பழைய குருவும் ஏழாம் நாள் மறுபடி வந்தார் அல்லவா?